கால் டாலர் லெந்து

மார்ச் 4, 2025, செவ்வாய். பிலடெல்பியா

நேற்று ராத்திரிதான் வந்து இறங்கினேன். உடம்புக்கு இன்னும் பாளையங்கோட்டை நேரம். சாயங்காலம் ஐந்தரைக்கு மகள் வந்து உலுக்குகிறாள், கோயிலுக்குப் போகணுமாம்.

"செவ்வாய்க்கிழமை என்னட்டி ஆராதனை?"

"ஆராதனை இல்லம்மா. பான்கேக்."

நாளை சாம்பல் புதன். லெந்து, அதாவது ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலம், தொடங்குவதற்கு முந்திய ராத்திரி வீட்டிலிருக்கும் முட்டை, பால், வெண்ணெய் எல்லாவற்றையும் தீர்த்துவிட வேண்டும் என்பது பழைய இங்கிலாந்து வழக்கம். அதைத் தீர்க்க வழி பான்கேக். சபைக் கூடத்தில் ஆண்கள் ஏப்ரன் கட்டிக்கொண்டு கல்லில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இந்த ஒரு ஏற்பாட்டை ஊருக்கு எடுத்துப் போகலாம் என்று அப்போதே மனதில் குறித்துக்கொண்டேன். ஒரு மேசையில் பென்சில்வேனியா ஜெர்மன்காரர்களின் ஃபாஸ்னாக்ட்டும் இருந்தது. உருளைக்கிழங்கு சேர்த்துப் பிசைந்து கொழுப்பில் பொரித்த, நடுவில் ஓட்டையில்லாத டோனட். கல் மாதிரி வயிற்றில் உட்கார்ந்திருக்கிறது.

எதிரே உட்கார்ந்தவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "இந்த லெந்தில் நீங்கள் எதை விடப்போகிறீர்கள்?" ஒருவர் சாக்லேட், ஒருவர் ஒயின், ஒரு கல்லூரிப் பையன் ஃபேஸ்புக். ஆளுக்கொன்று! நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "எங்க ஊர்ல இப்படி ஆளாளுக்குத் தேர்ந்தெடுக்கிறதெல்லாம் கிடையாது. நாற்பது நாளும் வீட்டில கறி, மீன் கிடையாது. கல்யாணம் கிடையாது. எங்க ஊர்ல..." என்று ஆரம்பித்தேன். மகள் மேசைக்கடியில் என் காலை மிதித்தாள்.

திரும்பி வரும் வழியில் காரிலேயே தீர்ப்பு வந்துவிட்டது. "ம்மா, நீங்க எதையாவது விடணும்னா, இந்த 'எங்க ஊர்ல'வை விடுங்க. வந்து இருபது மணி நேரத்தில எத்தனை தடவை சொல்லிட்டீங்க தெரியுமா?"

ஏழு வயசுப் பேரன் பின்சீட்டிலிருந்து, "பன்னெண்டு," என்றான். தமிழ் பேச மாட்டான், ஆனால் எண்ணுகிறான்.

மார்ச் 5, சாம்பல் புதன்

மத்தியான ஆராதனைக்குப் போனோம்.

முதலில் ஒரு பெயர்ச் சிக்கல். இது எபிஸ்கோப்பல் சபை, ஆங்கிலிக்கன் திருச்சபையின் அமெரிக்கக் கிளை. இதன் குருவானவர் ஒரு பெண். திருநெல்வேலிப் பக்கம் குருவானவரை 'ஐயர்' என்போம், அவர் மனைவி 'ஐயரம்மா'. இங்கே ஐயரே அம்மாவாக இருக்கிறார். அவர் கணவரை எப்படிக் கூப்பிடுவது என்று மகளிடம் கேட்டேன். பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்களாம். எனக்கு நாக்கு வரவில்லை. 'சார்' என்று வைத்துக்கொண்டேன்.

வாசித்த சுவிசேஷம் மத்தேயு 6. உபவாசம் பண்ணும்போது மாயக்காரரைப்போல முகவாடலாயிராதே, "உன் தலைக்கு எண்ணெய் பூசி, உன் முகத்தைக் கழுவு." இதை வாசித்து முடித்த அதே கையோடு எல்லாரையும் வரிசையில் கூப்பிட்டு முகத்தில் சாம்பலைப் பூசுகிறார்கள். இதில் இருக்கும் வேடிக்கை எனக்கு மட்டும்தான் தெரிகிறது என்று நினைத்தேன். ஐயரம்மா (வேறு வழியில்லை, அப்படியே எழுதுகிறேன்) பிரசங்கத்தில் அதையேதான் எடுத்தார்.

என் கால் வரிசையில் போய் நிற்க மறுத்தது. எங்கள் சபையில் சாம்பல் பூசும் வழக்கம் இல்லை. அது மட்டும் காரணமல்ல. நாலு தலைமுறைக்கு முன்னால் நெற்றியில் இருந்த திருநீற்றை அழித்துவிட்டு வேதத்துக்கு வந்த குடும்பம் எங்களுடையது. வெறும் நெற்றிதான் எங்கள் அடையாளம். பக்கத்து வீட்டில் கோயில் பிரசாதம் கொடுத்தால் பழத்தை வாங்கிக்கொண்டு விபூதியை மரியாதையாகத் தவிர்ப்பதற்கு எங்கள் ஆச்சி ஒரு பாவனையே வைத்திருந்தாள். அவள் பேத்தி அமெரிக்காவுக்கு வந்து நெற்றியை நீட்டுவதா?

நீட்டினேன். போன வருஷத்துக் குருத்தோலைகளை எரித்த சாம்பல். கட்டைவிரல் சிலுவையாக இழுத்தபோது பொடி கொஞ்சம் மூக்கில் விழுந்தது. "நீ மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய்" என்பதைத்தான் ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு அடுத்து நின்றது பேரன். அவன் நெற்றியிலும் அதே விரல், அதே வார்த்தை. பள்ளிக்கூடத்தில் அரைநாள் லீவு கிடைத்த சந்தோஷத்தில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். எனக்கு அடிவயிற்றில் என்னவோ செய்தது. அறுபத்தாறு வயதுக்காரியிடம் சொல்லலாம். ஏழு வயதிடம் சொல்லலாமா?

அப்புறம் முழங்காலில் நின்று ஒரு நீண்ட பாவ அறிக்கை. களவு, கொலை என்று தூரத்துப் பாவங்களாக இருந்தால் எனக்குக் கவலையில்லை. இது வீட்டுக்குள்ளேயே தேடுகிறது. நம்மைவிட வசதியாக இருப்பவர்கள்மேல் பொறாமை, ஜெபத்தில் அசட்டை, பிறரைப் பற்றிக் கருணையில்லாத நினைப்பு, நமக்குப் பின்னால் வருகிறவர்களைப் பற்றி அக்கறையில்லாமல் படைப்பைப் பாழாக்கியது. 1979ஆம் வருஷத்து ஜெபப் புத்தகத்தில் இருப்பது. நம்மிலிருந்து வித்தியாசமானவர்களை இளக்காரமாக நினைத்தது என்றும் ஒரு வரி வந்தது. நேற்றைய சாக்லேட்காரர் மூன்று வரிசை முன்னால் முழங்காலில் இருந்தார்.

இன்னொன்றும் யோசித்துப் பார்த்தேன். கறியை விட்டுவிட்டேன் என்று மார்தட்டினேனே, என் கொலஸ்ட்ராலுக்கு டாக்டர் அதை நிறுத்தச் சொன்னது இரண்டு வருஷத்துக்கு முன்னால். டாக்டருக்காக நிறுத்தியதையே கர்த்தருக்குக் கணக்கில் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

வரும்போது பஸ் ஓட்டுநர் நெற்றியிலும் சாம்பல். கடையில் பில் போட்ட பெண் நெற்றியிலும். கத்தோலிக்கர் நிறைந்த ஊர் இது. கோயிலுக்குப் போக நேரமில்லாதவர்களுக்காக ரயில் நிலைய வாசலில் அங்கியோடு நின்று பூசிவிடும் குருமார்களும் உண்டு. அது 2007இல் செயின்ட் லூயிஸ் நகரத்து எபிஸ்கோப்பல் குரு ஒருவர் தொடங்கிவைத்தது.

கோயில் வாசலில் ஆளுக்கொரு அட்டை உண்டியல் கொடுத்தார்கள். லெந்து முழுக்கக் காசு சேர்த்து ஈஸ்டருக்குக் கொண்டுவர வேண்டும், ஏழை நாடுகளின் நிவாரணப் பணிக்கு. மகள் அதைக் குளிர்பதனப் பெட்டிமேல் வைத்தாள். இனி ஒவ்வொரு 'எங்க ஊர்ல'வுக்கும் 25 சென்ட். கணக்கர் பேரன். இந்தக் குறிப்புகளில் எழுதுவதற்கும் உண்டா என்று கேட்டேன். உண்டாம்.

மார்ச் 6, வியாழன்

காலையில் காப்பித் தூளைப் பார்த்து மூன்று. 75 சென்ட்.

பழக்க தோஷத்தில் "ஸ்தோத்திரம், அல்லேலூயா" என்றேன். பேரன் ஓடிவந்து வாயைப் பொத்தினான். லெந்தில் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாதாம். போன ஞாயிற்றுக்கிழமைதான் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் அதைப் பெரிய எழுத்தில் எழுதி, வர்ணம் தீட்டி, பெட்டிக்குள் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். ஈஸ்டரன்று தோண்டி எடுப்பார்கள். பிள்ளைகளுக்கு இவ்வளவு அழகாக லெந்து சொல்லிக்கொடுத்து நான் பார்த்ததில்லை. (எந்த ஊரில் என்று எழுதவில்லை. காசு கிடையாது.)

மார்ச் 8, சனி

பழைய நகரத்துக்குப் போனோம். கிறைஸ்ட் சர்ச். வெள்ளைக் கோபுரம், உள்ளே வெள்ளைச் சுவர், பெரிய கண்ணாடி ஜன்னல்கள், கதவு வைத்த பெட்டி போன்ற இருக்கைகள். சபை தொடங்கியது 1695இல். கட்டடம் முடிந்தது 1744இல். இந்த மாநிலத்துக்குப் பெயர் தந்த வில்லியம் பென் 1644இல் லண்டனில் ஞானஸ்நானம் பெற்ற தொட்டி கப்பலேறி வந்து இங்கே இருக்கிறது.

1776 ஜூலை 4, சுதந்திரப் பிரகடனம் வந்த அதே நாள், இந்தச் சபையின் நிர்வாகக் குழு கூடி, ஆராதனையில் இங்கிலாந்து ராஜாவுக்காக ஜெபிப்பதை நிறுத்தத் தீர்மானித்தது. ஜெபப் புத்தகத்தில் ராஜா பெயரைக் கோடு போட்டு அடித்திருக்கிறார்கள். யோசித்தால் ஆபத்தான கோடு. ராஜாதான் அந்தத் திருச்சபையின் தலைவர். தலையை அடித்துவிட்டு உடம்பை எப்படி வைத்திருப்பது? பேராயர் வேண்டுமென்றால் இங்கிலாந்துக்குப் போக வேண்டும், போனால் ராஜாவுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும். முதல் பேராயரான சீபரி அதனால்தான் 1784இல் ஸ்காட்லாந்துக்குப் போய் அபிஷேகம் பெற்றார். 'எபிஸ்கோப்பல்' என்றாலே பேராயர்களைக் கொண்ட சபை என்றுதான் பொருள். ராஜா இல்லாமல், பேராயர் உள்ள சபை. 1785இல் அதன் முதல் பொதுப் பேரவை கூடியது இதே கட்டடத்தில்.

1785 என்றதும் என்னால் முடியவில்லை. எங்க ஊர்ல, பிராமண விதவையாக இருந்து வேதத்துக்கு வந்த கிளாரிந்தா கட்டிய கோயிலை, இன்றைக்கும் 'பாப்பாத்தியம்மாள் கோயில்' என்று சொல்கிறோமே அதை, ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் வந்து பிரதிஷ்டை பண்ணியதும் 1785தான்! சத்தமாகவே சொல்லிவிட்டேன். பேரன் கை நீட்டினான். இது சரித்திரம், வம்பு இல்லை என்று வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை. 25 சென்ட்.

பக்கத்திலேயே இந்தச் சபையின் கல்லறைத் தோட்டம். பெஞ்சமின் பிராங்க்ளின் கல்லறைமேல் ஜனங்கள் பென்னிக் காசு போடுகிறார்கள். நம் அபராதப் பணத்தையும் இங்கே போட்டால் என்ன என்று பேரனுக்குத் தோன்றியது. அவன் அம்மா விடவில்லை.

தெருமுனையில் ப்ரெட்ஸல் வாங்கித் தின்றோம். முறுக்கின் தூரத்துச் சொந்தம். இதுவும் லெந்துப் பண்டம்தான் என்பார்கள். முட்டையும் வெண்ணெயும் இல்லாத மாவை, நெஞ்சில் கைகளைக் கட்டி ஜெபிக்கிற மாதிரி மடித்தார்களாம். கதை உண்மையோ என்னவோ, உப்பு தூக்கல்.

மார்ச் 9, லெந்து முதல் ஞாயிறு

இன்று கோயிலில் என் மானம் போயிற்று.

மகளுக்கு ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி, பேரன் சிநேகிதன் வீட்டில். தனியாகவே நடந்து போனேன். ஆராதனை பத்தரைக்கு. என் கைக்கடிகாரத்தில் பத்து இருபது. உள்ளே நுழைந்தால் எல்லாரும் திருவிருந்துக்கு வரிசையில் போய்க்கொண்டிருக்கிறார்கள்! மார்ச் இரண்டாவது ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்கு இந்த நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கிறதாம். போன்கள் தானாக மாறிக்கொள்ளும். முப்பது வருஷத்து ஹெச்.எம்.டி எப்படி மாறும்?

தவறவிட்டது சாதாரண ஆராதனையும் அல்ல. லெந்து முதல் ஞாயிறு பல சபைகளில் லித்தானியா என்ற நீண்ட மன்றாட்டு ஜெபத்தைப் பாடிக்கொண்டே கோயிலைச் சுற்றிப் பவனி வருவார்கள். 1544இல் கான்டர்பரி பேராயர் கிரான்மர் ஆங்கிலத்தில் எழுதிய முதல் ஆராதனை முறை அதுதான். பிறகு காப்பிக் கூடத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து புத்தகத்தில் 148ஆம் பக்கத்திலிருந்து நானே வாசித்தேன். மின்னல், புயல், பூமியதிர்ச்சி, நெருப்பு, வெள்ளம், கொள்ளைநோய், பஞ்சம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி விடுவிக்கக் கேட்கிறது. வேலையினாலும் பயணத்தினாலும் ஆபத்திலிருப்போரைக் காக்கும்படி ஒரு வரி. ராத்திரி டியூட்டி முடித்து அந்நேரம் கார் ஓட்டி வந்துகொண்டிருந்தவளை நினைத்தபடி அதை இரண்டு தடவை வாசித்தேன்.

ஒரு நல்ல செய்தியும் கிடைத்தது. சாம்பல் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்திய நாள் வரை எண்ணினால் நாற்பத்தாறு நாள் வருகிறது. ஆறு ஞாயிறுகள் கணக்கில் சேராது. அவை உயிர்த்தெழுதலின் நாட்கள், உபவாசம் இல்லை. சாக்லேட்காரர் அதைச் சொல்லிவிட்டு என் முன்னாலேயே ஒன்றைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார்.

ஆக, ஞாயிற்றுக்கிழமை இலவசம். எங்க ஊர்ல கடிகாரத்தை யாரும் தொடுவதில்லை. எங்க ஊர்ல கோயில் மணி அடித்தால்தான் நேரம். எங்க ஊர்ல! எங்க ஊர்ல!

மார்ச் 12, புதன்

லெந்து புதன்கிழமைகளில் மாலை சூப்பும் ரொட்டியும் மட்டும். வீட்டுக்கு ஒருவர் பானையோடு வருகிறார்கள், கறி சேர்க்காத சூப். ஆறு பானைகள், ஒவ்வொன்றின் முன்னாலும் பெயர்ச்சீட்டு. நாலாவதைப் படித்துவிட்டு நின்றுவிட்டேன். 'மல்லிகடாணி.'

எண்பதைத் தாண்டிய ஒரு அம்மாள் கொண்டுவந்தது. மாமியார் தட்டச்சு செய்து வைத்த சமையல் குறிப்பாம். மசூர் பருப்பு, ஆப்பிள், தேங்காய்ப்பால், கறிப்பவுடர். மஞ்சளாகக் கெட்டியாக இருந்தது. அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று அறுபது வருஷமாகத் தனக்குத் தெரியாது என்றார்.

நான் சொன்னேன். மிளகு. தண்ணி. மிளகுத்தண்ணி. சென்னைப் பட்டணத்தில் இருந்த வெள்ளைக்காரர்களுக்குச் சாப்பாட்டுக்கு முன் சூப் வேண்டும். நம் சமையலில் சூப் கிடையாது, ரசம்தான். அதில் பருப்பைச் சேர்த்து, கோழியைச் சேர்த்து, கப்பலேற்றி, ஆப்பிளும் சேர்ந்து, பெயர் மட்டும் தேய்ந்துபோய் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. கூடமே கேட்டுக்கொண்டிருந்தது. "எங்க ஊர்ல" இல்லாமல் இதை எப்படிச் சொல்வது? ஒரு டாலர் நோட்டை முன்கூட்டியே பேரன் கையில் கொடுத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தேன். அந்த அம்மாள் "மி-ள-கு" என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். 'ள' வரவேயில்லை. எழுதித் தரச் சொல்லி, சீட்டைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

சூப் குடித்தபின் வட்டமாக உட்கார்ந்து பேசினார்கள். சாக்லேட்காரர் அன்று கொஞ்சம் விவரமாகச் சொன்னார். மனைவி இறந்து ஒரு வருஷமாகிறது. ராத்திரி தூக்கம் வராதபோதெல்லாம் எழுந்து போய் அலமாரியைத் திறப்பாராம். இப்போது அலமாரி காலி. எழுந்து போவதற்கு இடம் இல்லாததால் படுத்தபடியே விழித்திருக்கிறாராம்.

நான் குனிந்து என் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விளக்கைக் குறைத்துவிட்டுப் படுக்கைக்கு முந்திய ஜெபம் சொன்னோம். இந்த இரவில் வேலை செய்கிறவர்கள், விழித்திருக்கிறவர்கள், அழுகிறவர்கள் எல்லாரோடும் விழித்திரும் என்று அதில் ஒரு வேண்டுதல் வருகிறது. அவர் குரல் தெளிவாகக் கேட்டது.

மார்ச் 14, வெள்ளி

சிலுவைப்பாதை. பதினாலு நிலைகள். கத்தோலிக்கக் கோயில்களில்தான் பார்த்திருக்கிறேன், செய்தது இதுவே முதல். எழுந்து, நடந்து, முழங்காலிட்டு, மறுபடி எழுந்து. ஒன்பதாவதில் என் மூட்டு கைவிட்டது. இயேசு மூன்றாம் முறை விழுவது அந்த நிலையில்தான்.

மார்ச் 19, புதன்

இந்தத் தடவை நான் ரசம் கொண்டுபோனேன். சீட்டில் 'அசல் மல்லிகடாணி' என்று பேரன் எழுதினான். இருமல் சத்தம் கூடம் முழுக்க. பானை காலி.

மார்ச் 22, சனி

மகளிடம் அடம்பிடித்து வடக்கு பிலடெல்பியாவுக்குப் போனேன். சர்ச் ஆஃப் தி அட்வகேட். வெளியிலிருந்துதான் பார்த்தோம். பிரெஞ்சுப் பேராலயம் ஒன்றைத் தூக்கிக்கொண்டுவந்து செங்கல் வீடுகளுக்கு நடுவில் வைத்த மாதிரி கருங்கல் மலை. உள்ளே 1970களில் கறுப்பின ஓவியர்கள் இருவர் வரைந்த 14 பெரிய சுவரோவியங்கள் உண்டு. அடிமைப்பட்ட ஜனங்களின் கதையை வேத வசனங்களோடு சேர்த்து வரைந்தவை.

நான் பார்க்க வந்தது வேறு. 1974 ஜூலை 29 அன்று பதினொரு பெண்கள் இந்தக் கோயிலில் குருப்பட்டம் பெற்றார்கள். அனுமதி இல்லை. பதவியில் இல்லாத மூன்று பேராயர்கள் துணிந்து கை வைத்தார்கள். திருச்சபை முதலில் அது செல்லாது என்றது. 1976இல் பொதுப் பேரவை கூடிப் பெண்களுக்குக் கதவைத் திறந்தது. அந்த 1974 ஆராதனையில் சிலுவை ஏந்தி முன்னால் நடந்தவர் பார்பரா ஹாரிஸ். 1989இல் அவரே பேராயரானார், ஆங்கிலிக்கன் உலகத்திலேயே முதல் பெண் பேராயர்.

ஐயரம்மாவின் கட்டைவிரல் என் நெற்றிக்கு வந்துசேர்ந்தது இந்த வாசல் வழியாகத்தான். படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். குளிர் எலும்பில் ஏறியதும் மகள் கிளப்பிவிட்டாள்.

மார்ச் 30, நாலாம் ஞாயிறு

இத்தனை வாரமும் பூவே இல்லாதிருந்த பீடத்தில் இன்று ரோஜா நிறப் பூக்கள். லெந்தில் பாதி தாண்டியதற்காக ஒரு இளைப்பாறுதல். சுவிசேஷம் கெட்ட குமாரன். "தூரதேசத்துக்குப் புறப்பட்டுப்போய்" என்று என் தமிழ் வேதாகமத்தில் விரல் வைத்தபடி வந்தபோது பக்கத்தில் இருந்தவளைத் திரும்பிப் பார்த்தேன். இவள் சொத்தை அழிக்கவில்லை, பன்றி மேய்க்கவில்லை. மாதாமாதம் பணம் அனுப்புகிறவள். இருந்தாலும் தூரம் தூரம்தானே.

வெளியே பெஞ்சில் வெயிலில் உட்கார்ந்தோம். ஞாயிறு, காசு கிடையாது. அவளாகவே கேட்க ஆரம்பித்தாள். ஊசிக்கோபுரத்துக்கு வெள்ளை அடிச்சிட்டாங்களா? லெந்து காலை ஜெபத்துக்கு இப்பவும் அஞ்சரைக்கே மணி அடிக்காங்களா? பக்கத்து வீட்டு அத்தை இப்பவும் கீர்த்தனையை அடித்தொண்டையில இழுத்துப் பாடுதாளா? நான் ஒரு மணி நேரம் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒன்பது வருஷமாக அவள் ஊரில் ஒரு லெந்துகூட இருந்ததில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

இன்று இரவு விமானம். ஈஸ்டர் ஊரில்தான். உண்டியல் இங்கேயே இருக்கும், 20ஆம் தேதி பேரன் கொண்டுபோய்க் கொடுப்பான். பிரிக்கக் கூடாது என்றாலும் கணக்குப் புத்தகம் அவனிடம் இருக்கிறது. 47 தடவை. பதினொன்றே முக்கால் டாலர். மல்லிகடாணி டாலரையும் சேர்த்துத்தான்.

பெட்டியை எடைபோட்டு, கயிறு கட்டி, கடைசிக் காப்பி. மகள் அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டியபடி தம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எங்க ஊர்ல இந்நேரம் வேப்பம்பூ உதிர ஆரம்பிச்சிருக்கும், இல்லம்மா?"

பேரன் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான், பிறகு என்னை. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஈரக் கையைத் துடைத்துவிட்டு, கைப்பையைத் துழாவி, ஒரு கால் டாலரை எடுத்துப் பெட்டியில் போட்டாள்.

பேரன் நோட்டைத் திறந்து, 48 என்று எழுதினான்.